அரசுத் துறைகள் வெளிநாட்டு ட்ரோன் பயன்படுத்தினால் உண்மையான ஆபத்து எது?

படங்களைவிட ஃபிளைட் லாக், அதாவது பறந்த விவரப் பதிவுதான் பெரிய கவலை. எங்கே கிளம்பியது, எவ்வளவு உயரம், எந்தப் பாதை என எல்லாம் அதில் இருக்கும். கன்ட்ரோலரில் ஓடும் செயலி, இணையம் கிடைத்ததும் அதை வெளி சர்வருக்கு அனுப்பிவிட முடியும். அமெரிக்க ராணுவம் 2017இலேயே சீன நிறுவனமான டிஜேஐயின் ட்ரோன்களைப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொன்னது.

பயன்படுத்தியே ஆகவேண்டுமா? சிம் இல்லாத தனி டேப்லெட் வையுங்கள். வைஃபையையும் லாக் ஒத்திசைவையும் அணையுங்கள். மெமரி கார்டைக் கழற்றி நகலெடுங்கள். ஃபர்ம்வேர் (ட்ரோனின் உள் மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகு அமைப்புகளை மறுபடி பாருங்கள், அணைத்தது தானாக இயங்கியிருக்கலாம்.

இதெல்லாம் செய்தாலும் ஒன்று மிச்சம். டிஜேஐ ட்ரோன் வானில் பரப்பும் அடையாளச் சிக்னல் மறையாக்கம் செய்யப்படவில்லை என்று ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் காட்டினார்கள். அதைப் பிடிப்பவருக்கு இயக்குபவர் நிற்கும் இடமே தெரிந்துவிடும். எல்லைக் காவலில் அது உயிர் போகிற விஷயம்.