பழைய .30-30 ரைஃபிளில் மான் வேட்டைக்கு எந்தக் குண்டு?
தாத்தா விட்டுச்சென்ற .30-30 (தோட்டா வகையின் பெயர்) லீவர் ரைஃபிளுக்கு, அதாவது கைநெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் ரைஃபிளுக்கு, 150 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டா, 170ஆ என்று கேட்டிருக்கிறீர்கள். வெள்ளைவால் மானுக்கு இரண்டுமே போதும்; எடையைவிட முனைதான் முக்கியம். இந்த வகை ரைஃபிள்களில் தோட்டாக்களை வைக்கும் மேகசின் பெரும்பாலும் குழாய் வடிவில் இருக்கும். தோட்டாக்கள் அதில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்முனைக் குண்டு என்றால், முன்னால் உள்ள தோட்டாவின் பிரைமரில் (அடிபட்டால் மருந்தைப் பற்றவைக்கும் பின்பக்கப் பகுதி) முட்டிக்கொண்டு நிற்கும். சுடும் உதைப்பில் குழாய்க்குள்ளேயே வெடித்துவிடலாம். ஆகவே தட்டை முனை, அல்லது இதற்கென்றே செய்த மென்பாலிமர் முனை மட்டும்.

அடுத்தது வேகம். 1895இல் வந்த தோட்டா இது. 170 கிரெய்ன் குண்டு நொடிக்குச் சுமார் 2,200 அடியில்தான் கிளம்பும். அதிவேக மேக்னம் ரைஃபிளுக்கான கடினக் குண்டு இந்த வேகத்தில் சரியாக விரியாமல் துளைத்துப் போய்விடும், மான் அடிபட்டபடியே வெகுதூரம் ஓடும். ஈயம் வெளியே தெரியும் சாதாரண மென்முனையே நல்லது. இரண்டு எடையையும் இலக்கில் சுட்டுப் பாருங்கள். எது நெருக்கமாக விழுகிறதோ அதை எடுங்கள். பழைய ரைஃபிள்களுக்கு இதில் பிடிவாதம் அதிகம்.