பர்மியப் பதிவுகளை மாடல் ‘தொடர்பில்லாதது’ என்று தள்ளினால்

நிலநடுக்கம் பற்றிய சமூக ஊடகப் பதிவுகளைப் பிரிக்கும் உங்கள் மாடலை (ஏஐ நிரலை) மறுபடி பயிற்றுவிக்க வேண்டாம், முதலில் பதிவுகளின் எழுத்துக் குறியீட்டு முறையைப் பாருங்கள். 2025 மியான்மர் நிலநடுக்கத்தின்போது மண்டலே, சகாயிங் ஊர்களிலிருந்து வந்த பர்மியப் பதிவுகள் உங்கள் போனில் தெளிவாகத் தெரிகின்றன, மாடல் மட்டும் பாதிக்கு மேல் தள்ளுகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் அவை ஸாஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் தட்டியவை.

இங்கே மியான்மரில் 2019 அக்டோபரில் உலகப் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாறினாலும் ஸாஜி முழுதாக ஒழியவில்லை. நம் பழைய தமிழ் எழுத்துரு பாமினி என்றால் ஆங்கில எழுத்தாகச் சிதறி உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஸாஜி அப்படியில்லை. யூனிகோடின் அதே பர்மியக் குறியெண்களை வேறு வரிசையில் அடுக்கும். எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும் ஏகாரக் குறி யூனிகோடில் மெய்க்குப் பின்னால் பதிவாகும், ஸாஜியில் முன்னால். கண்ணுக்கு ஒன்றுதான், மாடலுக்கு அது வேறு சொல்.

1. தள்ளப்பட்டவற்றில் ஐம்பதை கூகுளின் ‘மியான்மர் டூல்ஸ்’ நிரலில் கொடுங்கள். மதிப்பெண் 1-ஐ ஒட்டி வந்தால் ஸாஜி, 0-வை ஒட்டி வந்தால் யூனிகோடு.
2. ஸாஜியை அதிலேயே மாற்றி, மாடலுக்குத் திரும்பக் கொடுங்கள். மூலத்தை அழிக்காதீர்கள்.

ஓரிரு சொல் பதிவுகளில் அந்த மதிப்பெண்ணை நம்பாதீர்கள். ஊர்ப்பெயரும் ‘உதவி’யும் மட்டும் இருப்பதுதான் பல நேரம் அவசரப் பதிவு, அதை ஆள் படிக்கட்டும். ஷான், மோன், கரென் மொழிப் பதிவுகளை அந்த மாற்றும் நிரலில் போட்டால் சிதைந்துவிடும்.

அப்புறம், 2021 முதல் இங்கே ஃபேஸ்புக்குக்குத் தடை, விபிஎன் வேண்டும். அதனால் பதிவே வராத ஊரைப் பாதிப்பில்லை என்று வரைபடத்தில் பச்சையாக்காதீர்கள். யாங்கோனில் நம் கோயில் குழுவில் மண்டலே பக்கம் உறவுள்ளவர்கள் இருப்பார்கள், அவர்களைப் பிடித்துக் கேளுங்கள்.