பெல்ஃபாஸ்ட் ஆபீஸ் பார்ட்டியில அந்தப் பாட்டப் பாடலாமா?

கேள்வி: அக்கா, வணக்கம். சொந்த ஊர் நாமக்கல் பக்கம், டப்ளின் வந்து நாலு வருஷம் ஆச்சு, ஐடி வேலை. ஆபீஸ்ல அஞ்சு பேர் சேர்ந்து சின்னதா ஒரு பேண்ட் வச்சிருக்கோம், நான் கிட்டார், கொஞ்சம் பாடவும் செய்வேன். இந்த தடவ கிறிஸ்துமஸ் பார்ட்டி பெல்ஃபாஸ்ட் ஆபீஸ்ல. 'கம் அவுட் யே பிளாக் அண்ட் டான்ஸ்' பாட்டையும் லிஸ்ட்ல போட்டு க்ரூப்ல அனுப்பினேன். பெல்ஃபாஸ்ட் டீம்ல ஒருத்தர் தனியா மெசேஜ் பண்ணி, "அது மட்டும் வேண்டாமே, இங்க அது செக்டேரியன் பாட்டு"ன்னார். டப்ளின் ஃப்ரெண்டு கிட்ட சொன்னா அவனுக்கு கோவம் வந்துருச்சு, "அது எங்க சுதந்திரப் போராட்டப் பாட்டு, பாடாதேன்னு சொல்றதுதான் வெறி"ங்கறான். நான் ஸ்கூல்ல பாரதியார் பாட்டு பாடி வளர்ந்தவன், வெள்ளைக்காரன எதிர்த்துப் பாடறதுல என்ன தப்புன்னு புரியல. இது தேசபக்தியா, மதவெறியா? பாடவா வேண்டாமா?

பதில்: வேண்டாம் தம்பி, அந்த பார்ட்டியில அந்தப் பாட்டு வேண்டாம். பதில இப்பவே சொல்லிட்டேன், பாதி பேர் கடைசி வரைக்கும் படிக்க மாட்டீங்கன்னு தெரியும். ஆனா உங்க டப்ளின் ஃப்ரெண்டு சொல்றது தப்புன்னும் நான் சொல்ல மாட்டேன். நானே டப்ளின்ல பதினோரு வருஷம் நர்ஸா இருந்தவ, அந்தப் பாட்டுக்கு மேசையத் தட்டிக்கிட்டு கூடச் சேர்ந்து கத்தியிருக்கேன், கோரஸ் இப்பவும் மனப்பாடம்.

மொதல்ல அந்த பாரதியார் கணக்குக்கு வரேன், ஏன்னா நானும் போன புதுசுல அப்படித்தான் நெனச்சேன். நாம ஸ்கூல்ல வெள்ளைக்காரன எதிர்த்துப் பாடினப்ப பக்கத்து பெஞ்சுல வெள்ளைக்காரப் பையன் யாரும் உக்காந்திருக்கல. 1947ல அவங்க மூட்டை கட்டிட்டுப் போயிட்டாங்க, நம்ம பாட்டு யாரையும் குத்தப் போறதில்ல. பெல்ஃபாஸ்ட் இருக்கற வட அயர்லாந்து இன்னும் பிரிட்டன் கூடத்தான் இருக்கு, அங்க அப்படி யாரும் போகல. பொதுவா கத்தோலிக்கர்ங்க அயர்லாந்தோட சேரணும்பாங்க, புராட்டஸ்டண்ட்காரங்க பிரிட்டனோடவே இருக்கணும்பாங்க. 1609லேர்ந்து ஸ்காட்லாந்துலயும் இங்கிலாந்துலயும் இருந்து புராட்டஸ்டண்ட்காரங்களக் கொண்டுவந்து அல்ஸ்டர் நிலத்துல குடி வச்சாங்க, பறிச்ச நிலந்தான், அதுல சந்தேகமில்ல, ஆனா நானூறு வருஷம் ஆச்சு, அவங்க பாட்டன் முப்பாட்டன் கல்லறை எல்லாம் அங்கதான். 2021 சென்சஸ்ல கத்தோலிக்கக் குடும்பத்துலேர்ந்து வந்தவங்க 45.7 சதவீதம், புராட்டஸ்டண்ட் பக்கம் 43.5. ரெண்டு பேரும் ஒரே சூப்பர்மார்க்கெட்ல ஒரே க்யூல நிக்கறாங்க. அங்க போயி "வெளிய வாடா"ன்னு பாடினா யாரு வெளிய வரணும்?

அதுவும் நீங்க எடுத்தது சரியான பாட்டு போங்க. பாட்டுல கதை என்னன்னு கவனிச்சீங்களா? டப்ளின்ல ஒரு தெரு, அப்பா ராத்திரி தண்ணியப் போட்டுட்டு வந்து தெருவுல நின்னு அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்களைத்தான் சண்டைக்குக் கூப்பிடறாரு. லண்டன்ல இருக்கற ராஜாவ இல்ல, பக்கத்து வீட்டுக்காரன! எழுதினவரு டொமினிக் பீஹன், அவங்கப்பா ஸ்டீஃபன் பீஹன மனசுல வச்சு எழுதினது. பிளாக் அண்ட் டான்ஸ்ங்கறது 1920ல ஐரிஷ் போலீசுக்கு ஒத்தாசையா பிரிட்டன்லேர்ந்து ஆள் எடுத்து அனுப்பின கூட்டம், பெரும்பாலும் யுத்தத்துலேர்ந்து திரும்பின சிப்பாய்ங்க, யூனிஃபார்ம் பத்தாம காக்கியும் கருப்பும் கலந்து போட்டதால அந்தப் பேரு. அந்த செப்டம்பர்ல பால்பிரிகன் ஊருக்குள்ள பூந்து வீடு வீடா கொளுத்தினவங்க. அவங்க மேல இருந்த கோவம் நியாயமான கோவம்தான். ஆனா பாட்டு அந்தக் கோவத்தக் கொண்டுபோய் இறக்கறது ஒரே தெருவுல குடியிருக்கறவன் வாசல்ல. இன்னொரு விஷயம், இந்த டொமினிக்கோட தாய்மாமன் பெடர் கியர்னிதான் இன்னிக்கு அயர்லாந்து தேசிய கீதமா இருக்கற பாட்டுக்கு வரி எழுதினவரு. மாமன் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நிக்கணும், மருமகன் பாட்டுக்கு பாதி பேர் எழுந்து வெளிய போவாங்க. மாமன் எழுதினதும் துப்பாக்கி புடிச்ச சிப்பாய் பாட்டுதான், அதனாலதான் வடக்கு தெற்கு ரெண்டும் ஒரே டீமா ஆடற ரக்பிக்கு 1995ல தனியா ஒரு பாட்டே பண்ண வேண்டியிருந்துச்சு, வெளியூர் மேட்ச்சுன்னா அத மட்டுந்தான் பாடுவாங்க.

இனி உங்க ஃப்ரெண்டு பக்கம். அவன் மதவெறி இல்லங்கறான் பாருங்க, வரலாறு அவனுக்கு நல்லாவே சாட்சி சொல்லும். இந்த ரெபெல் பாட்டுல பலதுக்கு மூலம் பிரிட்டிஷ் ஆட்சிய எதிர்த்து நடந்த 1798 கலகம். அத நடத்தின யுனைடெட் ஐரிஷ்மென் சங்கம் ஆரம்பிச்சது 1791ல, எங்க தெரியுமா, பெல்ஃபாஸ்ட்ல. ஆரம்பிச்சதுல பெரும்பாலும் பிரெஸ்பிடீரியன்காரங்க, அதாவது புராட்டஸ்டண்ட்லயே ஒரு பிரிவு. தலைவர்னு எல்லாரும் கும்பிடற வுல்ஃப் டோனும் புராட்டஸ்டண்ட்தான், கத்தோலிக்கன் புராட்டஸ்டண்ட்ங்கற பேரையெல்லாம் விட்டுட்டு ஐரிஷ்காரன்னு ஒரே பேர்ல நிக்கணும்ங்கறதுதான் அவரு சொன்னதே. ஹென்றி ஜாய் மெக்ராக்கன்னு ஒருத்தர், ஆன்ட்ரிம்ல சண்டை போட்டுத் தோத்து, 1798 ஜூலை 17 அன்னிக்கு பெல்ஃபாஸ்ட் கார்ன்மார்க்கெட்ல தூக்குல போட்டாங்க, நீங்க பார்ட்டிக்கு போறப்ப ஷாப்பிங் பண்ணுவீங்களே அதே இடந்தான். அவரு பேர்ல இருக்கற பாட்ட மதவெறிப் பாட்டுன்னு யாராவது சொன்னா நான் சண்டைக்கே வருவேன். 'எ நேஷன் ஒன்ஸ் அகெய்ன்' எழுதின தாமஸ் டேவிஸும் புராட்டஸ்டண்ட்தான். அயர்லாந்து கொடியப் பாருங்க, ஒரு பக்கம் பச்சை கத்தோலிக்கருக்கு, ஒரு பக்கம் ஆரஞ்சு புராட்டஸ்டண்டுக்கு, நடுவுல வெள்ளை சமாதானத்துக்கு.

(அதே 1798ல வெக்ஸ்ஃபோர்ட் பக்கம் ஸ்கல்லபோக்ங்கற இடத்துல கலகக்காரங்க நூறு பேருக்கு மேல ஒரு களஞ்சியத்துல அடைச்சுக் கொளுத்தினாங்க, செத்தது பெரும்பாலும் புராட்டஸ்டண்ட்காரங்க, பொம்பளைங்க கொழந்தைங்க உள்பட. வெக்ஸ்ஃபோர்ட் வீரத்தப் பத்தி ஊரே பாடற அந்தப் பாட்டுல இது வராது. எந்த ஊர் பாட்டுலதான் இதெல்லாம் வந்திருக்கு.)

சரி அப்புறம் எங்க கெட்டுப் போச்சுன்னா, என்னோட எண்ணத்துல, 1969ல வட அயர்லாந்துல ரெண்டு பக்கமும் அடிச்சுக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம். அதுலேர்ந்து 1998 ஏப்ரல்ல குட் ஃப்ரைடே சமாதான ஒப்பந்தம் வர்ற வரைக்கும் சுமார் 3,500 பேர் செத்தாங்க, அவ்ளோ சின்ன ஊர்ல. அதுல ஏறக்குறைய பாதி பேரக் கொன்னது, வடக்க அயர்லாந்தோட சேக்கணும்னு துப்பாக்கி எடுத்த ஐஆர்ஏ இயக்கம். 1976 ஜனவரில கிங்ஸ்மில்ங்கற இடத்துல வேன்ல வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போயிட்டிருந்தவங்கள நிறுத்தி, யாரு கத்தோலிக்கன்னு கேட்டு, அந்த ஒருத்தர ஓடிப்போன்னு அனுப்பிட்டு மத்தவங்கள சுட்டாங்க, செத்தது பத்து புராட்டஸ்டண்ட் தொழிலாளிங்க. வுல்ஃப் டோன் சொன்னது என்ன, இவங்க பண்ணினது என்ன. அந்தப் பக்கமும் சும்மா இல்ல, பிரிட்டன் பக்கம் நிக்கற லாயலிஸ்ட் கும்பல் கத்தோலிக்கர்ங்கற ஒரே காரணத்துக்காக ஆளப் புடிச்சுக் கொன்னிருக்கு, 1972ல டெர்ரியில ஊர்வலம் போனவங்கள பிரிட்டிஷ் பட்டாளம் சுட்டதுல அன்னிக்கே 13 பேர் போனாங்க. அதனால நூறு வருஷத்துக்கு முன்னாடி செத்தவன் பாட்ட இப்பப் பாடினாலும் கேக்கறவனுக்கு காதுல விழறது நேத்து செத்தவன் பேரு.

எங்க வார்டுல வட அயர்லாந்து ஃபெர்மானாவிலேர்ந்து வந்த ஒரு பொண்ணு இருந்தா. நைட் டூட்டி முடிஞ்சு எப்பவாவது எல்லாரும் பப்புக்குப் போவோம், நான் ஆரஞ்சு ஜூஸ் வச்சுக்கிட்டு ஓரமா உக்காந்திருப்பேன். ஒரு குறிப்பிட்ட பாட்டு ஆரம்பிச்சா இவ மட்டும் "ஒரு கால் பண்ணிட்டு வரேன்"னு வெளிய போயிடுவா. மழையா இருந்தாலும் போவா. ரெண்டு வருஷம் நான் அதக் கவனிக்கவே இல்ல, கவனிச்சப்புறமும் கேக்கத் தோணல. அப்புறம் ஒரு நாள் அவளே சொன்னா, அவ பெரியப்பா மாடு வச்சிருந்தவரு, பார்ட் டைமா பாதுகாப்புப் படையிலயும் இருந்தவரு, காலைல பால் கறக்கப் போனப்ப சுட்டுட்டாங்கன்னு. "அவங்க பாடறது எங்க பெரியப்பாவப் பத்தி இல்லன்னு எனக்குத் தெரியும், ஆனா கோரஸ்ல எல்லாரும் சிரிச்சுக்கிட்டே கத்தறாங்களே, அதத்தான் கேக்க முடியல"ன்னா. நானும் கத்தினவதானே, என்ன சொல்றது. அதுக்கப்புறம் அவ வெளிய போனா நானும் கூடப் போயி நிப்பேன், அவ்ளோதான் என்னால முடிஞ்சது.

2022 அக்டோபர் ஞாபகம் இருக்கா? அயர்லாந்து பொம்பளைங்க ஃபுட்பால் டீம் கிளாஸ்கோ ஹேம்ப்டன் பார்க்ல ஸ்காட்லாந்த 1-0ன்னு ஜெயிச்சு மொத தடவையா வேர்ல்ட் கப்புக்குள்ள போனாங்க, டிரெஸ்ஸிங் ரூம்ல சந்தோஷத்துல 'செல்டிக் சிம்ஃபனி' பாட்டப் பாடினாங்க, அதுல "அப் த ரா"ன்னு வரும், ரான்னா ஐஆர்ஏ. வீடியோ வெளிய வந்துருச்சு, கோச் மன்னிப்பு கேட்டாங்க, ஐரோப்பிய ஃபுட்பால் சங்கம் யூஇஎஃப்ஏ 20,000 யூரோ ஃபைன் போட்டுச்சு. அந்தப் பொண்ணுங்க பலரும் 1990கள்ல பொறந்தவங்க, ஐஆர்ஏ சண்டைய நிறுத்தினப்ப சின்னக் கொழந்தைங்க. அவங்களுக்கு அது ஒரு குத்துப் பாட்டு, அவ்ளோதான். மதவெறி புடிச்சவங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா "எங்களுக்கு அர்த்தம் தெரியாது"ங்கறது பாடினவங்களுக்குத்தான் உதவும், கேட்டவங்களுக்கு உதவாது. இந்த பாட்டு விஷயத்துல நான் கொஞ்சம் கறார்தான். உயிரோட இருக்கற ஆளுங்க வீட்டுல எழவு விழ வச்ச ஒரு இயக்கத்துக்கு வாழ்கன்னு கோஷம் போடறது தேசபக்தி கணக்குல வராது, யார் பாடினாலும் சரி.

உங்க பாட்டு அந்த ரகம் இல்ல. அதே பாட்டு ஒரு தடவ ரொம்ப சரியா வேலை செஞ்சதையும் சொல்லணும். 2020 ஜனவரில டப்ளின் கவர்மெண்ட்டே அந்தப் பழைய ஐரிஷ் போலீசுக்கு டப்ளின் கோட்டையில நினைவு விழா எடுக்கப் போறோம்னாங்க, பிளாக் அண்ட் டான்ஸ் சேர்ந்து வேலை பார்த்த அதே போலீஸ்தானே, ஜனங்க கொதிச்சுப் போயி இந்தப் பாட்ட வாங்கித் தள்ளினாங்க, ஐட்யூன்ஸ்ல அயர்லாந்துலயும் பிரிட்டன்லயும் நம்பர் ஒன். விழாவத் தள்ளி வச்சாங்க. அப்ப அந்தப் பாட்டு "வெளிய வா"ன்னு கூப்பிட்டது தன்னோட சொந்த மந்திரிய, பக்கத்து வீட்டுக்காரன இல்ல. நானும் வாங்கியிருப்பேன், காசு ரொம்ப இல்ல. அதே மாதிரி 1971 ஆகஸ்ட்ல வட அயர்லாந்துல விசாரணையே இல்லாம ஆளத் தூக்கி உள்ள போட்டாங்களே, மொத நாளே 340 பேருக்கு மேல, கிட்டத்தட்ட எல்லாரும் கத்தோலிக்கப் பகுதி ஆளுங்க, அதப் பத்தின பாட்டு அவங்களுக்கு வயித்தெரிச்சல் பாட்டு, அத யாரு எந்த வாயால வெறின்னு சொல்றது. எதிர்ப் பக்கத்துப் பாட்டையும் கேட்டீங்கன்னா கிளாஸ்கோவுல புராட்டஸ்டண்ட் பக்கத்து ஃபுட்பால் டீமான ரேஞ்சர்ஸ் ரசிகர்ங்க முழங்கால் வரைக்கும் ரத்தத்துல நிக்கறோம்னு பாடற பாட்டு ஒண்ணு இருக்கு, பஞ்சம் முடிஞ்சுதே ஊருக்குப் போகலையான்னு ஸ்காட்லாந்துல இருக்கற ஐரிஷ் வம்சத்தக் கேக்கற பாட்டு ஒண்ணு, அத 2009ல ஸ்காட்லாந்து கோர்ட்டே இனவெறின்னு சொல்லிருச்சு. அதுக்கெல்லாம் ரெண்டு பக்கமே கிடையாது.

நடுவுல ஒரு சின்ன சந்தோஷம். 2002ல பிபிசி வேர்ல்ட் சர்வீஸ் உலகத்துலயே புடிச்ச பாட்டு எதுன்னு ஓட்டு எடுத்தாங்க, நம்பர் ஒன்னா வந்தது அந்த 'எ நேஷன் ஒன்ஸ் அகெய்ன்', வுல்ஃப் டோன்ஸ் பேண்ட் பாடினது. ரெண்டாவது வந்தே மாதரம். நாலாவது நம்ம ராக்கம்மா கையத் தட்டு! இத பப்ல சொன்னா உங்களுக்கு ஒரு ரவுண்டு ஃப்ரீயா கிடைக்கும், நான் ட்ரை பண்ணிப் பார்த்தது.

இப்ப பார்ட்டிக்கு வருவோம். அது பப் இல்ல, ஆபீஸ். பப்ல புடிக்காதவங்க கிளாஸ எடுத்துக்கிட்டு வெளிய போலாம், ஆபீஸ் பார்ட்டியில மேனேஜர் முன்னாடி எழுந்து போனா அடுத்த நாள் பேச்சாயிரும், போகாம உக்காந்திருந்தா பல்லக் கடிச்சுக்கிட்டு கைதட்டணும். அந்த மெசேஜ் அனுப்பினவரு க்ரூப்ல போட்டு உங்க மானத்த வாங்காம தனியா சொன்னாரு பாருங்க, அங்க அப்படிச் சொல்றதுக்கே தைரியம் வேணும், ஏன்னா சொன்ன உடனே "அப்ப நீ அந்தப் பக்கமா"ன்னு ஆயிரும். அவரு கத்தோலிக்கரா கூட இருக்கலாம், தெரிஞ்சுக்கணும்னு நோண்டாதீங்க. "தேங்க்ஸ், லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டேன்"னு ஒரு வரி போதும், மூணு பாரா மன்னிப்புக் கடிதம் எழுதி அவர தர்மசங்கடப்படுத்த வேண்டாம். உங்கள யாராவது பக்கம் பிரிச்சுப் பார்த்தா சிரிச்சுக்கோங்க, "நீ கத்தோலிக்க ஹிந்துவா புராட்டஸ்டண்ட் ஹிந்துவா"ன்னு அங்க பழைய ஜோக்கே இருக்கு. இன்னொண்ணு, இங்கிலீஷ்ல எட்டாவது எழுத்த நாம "ஹெச்"னுதான் சொல்லுவோம், அங்க ஹ சத்தத்தோட சொன்னா கத்தோலிக்கன்னும், ஹ இல்லாம "எய்ச்"னு சொன்னா புராட்டஸ்டண்ட்னும் கணக்கு. நீங்க உங்க ஊர் ஸ்பெல்லிங் சொல்லும்போதே ஒரு பக்கம் சேர்ந்திருப்பீங்க, நாமக்கல்ல அந்த எழுத்து இல்லாதது நல்லதாப் போச்சு.

அதுக்குப் பதிலா என்ன பாடறதுன்னா, வேன் மாரிசன் கிழக்கு பெல்ஃபாஸ்ட்காரரு, அவரோட 'ப்ரௌன் ஐட் கேர்ள்' எடுத்தீங்கன்னா ரெண்டு பக்கமும் எழுந்து ஆடும், கிட்டார்ல அந்த ஆரம்ப பிட் மட்டும் நல்லா ப்ராக்டிஸ் பண்ணிக்கோங்க, சொதப்பினா அது வேற கலவரம். நாட்டுப்பாட்டுதான் வேணும்னா 'ஸ்டார் ஆஃப் தி கவுண்டி டவுன்', அது காதல் பாட்டு, ஊரும் அவங்க ஊருதான். 'ஃபீல்ட்ஸ் ஆஃப் ஏதன்ரை' வேண்டாம், பஞ்சத்தப் பத்தின பாவப்பட்ட பாட்டுதான், டப்ளின்ல சின்னக் கொழந்த கூடப் பாடும், ஆனா கிளாஸ்கோவுல கத்தோலிக்கப் பக்கத்து ஃபுட்பால் டீமான செல்டிக் ரசிகர்ங்க ஸ்டேடியத்துல பாடிப் பாடி வடக்குல அதுக்கும் சட்டை மாட்டி விட்டுட்டாங்க.

உங்க ஃப்ரெண்டு கிட்ட வாதாட வேண்டாம், அவன் பாட்டன் காலத்து வலி அவனுக்கு. டப்ளின்ல அவன்கூட பப்புக்குப் போங்க, அவன் அதப் பாடட்டும், நீங்களும் கோரஸ்ல சேந்துக்கோங்க, மைக்க மட்டும் நீங்க புடிக்காதீங்க. பார்ட்டி முடிஞ்சு திரும்பற ட்ரெயின்ல ரெண்டு பியர் உள்ள போனதும் அவன் ஆரம்பிப்பான் பாருங்க, பார்டர் தாண்டி டண்டாக் வந்துருச்சுல்ல இனிமே பரவால்லன்னு. அந்தப் பெட்டியில பாதி பேர் பெல்ஃபாஸ்ட்ல ஏறினவங்கன்னு அவன் காதுல சொல்லுங்க.