செயற்கைக்கோள் படத்திலேயே பனி தெரிகிறதே, அதை வைத்து ஒரு நாட்டின் நீர்வளத்தைக் கணக்கிட முடியாதா?

படம் மட்டும் போதாது. பனி எங்கே கிடக்கிறது என்று அது காட்டும்; உருகினால் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லாது. ஒரு மீட்டர் புதுப்பனி உருகினால் சுமார் 10 சென்டிமீட்டர் தண்ணீர்தான் தேறும். மாதக்கணக்கில் இறுகிய பனியில் அதே ஆழத்துக்கு 40 சென்டிமீட்டர்கூடக் கிடைக்கலாம். ஆக, ஆழம், அடர்த்தி இரண்டும் வேண்டும்.

ஆழத்துக்கு விமான லேசர் இருக்கிறது. பனியில்லாத காலத்தில் தரையின் உயரத்தை அளந்துவைத்து, பனி மூடியபின் மறுபடி அளந்து கழிப்பார்கள். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் 2013-இல் நாசா இப்படி அளக்கத் தொடங்கியது. அடர்த்திதான் சிக்கல். பனிக்குள் குழாயை இறக்கி, எடுத்த பனியை எடைபோட்டுப் பார்க்கும் பழைய முறை இன்றும் தேவைப்படுகிறது. இடைப்பட்ட இடங்களைக் கணினி மாதிரிகள் நிரப்புகின்றன. என்னைக் கேட்டால், இந்தக் களப்பணிக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும். அப்புறம், அடர்ந்த காட்டுக்குள் கிடக்கும் பனி செயற்கைக்கோளுக்குச் சரியாகத் தெரிவதும் இல்லை.