பில் மேஜை: பிக்அப் வாங்கும்போது எங்கே பேரம் பேசுவது?

(சரக்கு வாகன ஷோரூம்களில் பல வருடம் பில் போடும் பிரிவில் வேலை பார்த்தவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, சுற்று ஊர்களிலிருந்து முருங்கையும் கத்தரியும் ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கொண்டு வருகிறேன். இருக்கிற குட்டி யானையைக் கொடுத்துவிட்டு 1.3 டன் பிக்அப் புதிதாக எடுக்கலாம் என்றிருக்கிறேன். ஷோரூமில் எழுதித் தந்தது இது: எக்ஸ் ஷோரூம் 9,45,000, இன்சூரன்ஸ் 52,000, டாக்ஸும் ரிஜிஸ்ட்ரேஷனும் 38,000, ஹேண்ட்லிங் 12,500, அக்சஸரீஸ் 24,000, கூடுதல் வாரண்டி 16,500. மொத்தம் 10,88,000. இதில் 15,000 தள்ளுபடி, சீட் கவரும் மேட்டும் இலவசம். 8 லட்சம் லோன், 4 வருடம், 7 பர்சென்ட் வட்டி, மாத டியூ 21,333. இன்னும் ஒரு பத்தாயிரம் குறைக்கச் சொன்னேன், மேனேஜர் அசையவே இல்லை. எப்படிக் கேட்டால் குறைப்பார்?
– ஒட்டன்சத்திரம் வாசகர்

பதில்: அந்தப் பத்தாயிரத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீங்கள் கடைசியாக எழுதியிருக்கும் டியூவிலிருந்து ஆரம்பிப்போம். உங்கள் பணம் அதிகமாகப் போவது அந்த வரியில்தான்.

7 பர்சென்ட் என்று அவர்கள் சொன்னது பிளாட் வட்டி. 8 லட்சத்துக்கு வருடம் 56,000, நாலு வருடத்துக்கு 2,24,000. அதை அசலோடு கூட்டி 48-ஆல் வகுத்தால் நீங்கள் எழுதிய அதே 21,333 வருகிறது பாருங்கள். மாதாமாதம் அசலைக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள், ஆனால் கடைசி மாதம் வரை முழு 8 லட்சத்துக்கும் வட்டி ஓடுகிறது. பாக்கி குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் கணக்குப் போட்டால் இது ஏறக்குறைய 12.7 சதவீத வட்டி. வங்கியில் அந்த முறையில் 10.5 சதவீதத்துக்குக் கிடைத்தால் டியூ 20,483. மாதம் 850 ரூபாய் வித்தியாசம், 48 மாதத்துக்கு 40,800. காதுக்கு 7 சின்னதாகவும் 10.5 பெரிதாகவும் கேட்கும், அவ்வளவுதான். நீங்கள் மேனேஜரிடம் கேட்ட தொகையைப் போல நாலு மடங்கு இதில் இருக்கிறது.

பைனான்ஸ் கம்பெனி ஷோரூமுக்குக் கமிஷன் கொடுப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். அதனால்தான் சேல்ஸ் பையன், "லோன் நம்மகிட்டயே போட்டுக்கலாம் சார், டியூ எவ்வளவு கட்ட முடியும்னு மட்டும் சொல்லுங்க" என்று இழுக்கிறான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். கட்டக்கூடிய டியூவைச் சொல்லிவிட்டால், விலை, வட்டி, வருடம் மூன்றையும் அந்தத் தொகைக்குள் அடங்கும்படி அவர்களே வளைத்துக்கொள்வார்கள். முதலில் உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக்குப் போங்கள். சரக்கு வண்டிக்கு முத்ரா என்ற அரசின் சிறுதொழில் கடன் திட்டத்தில் 10 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கேட்கலாம். கிடைக்காவிட்டாலும் ஒரு வட்டி விகிதம் கைக்கு வரும், ஷோரூமில் அதை வைத்துப் பேசலாம். பைனான்ஸ்காரரிடம் கே.எஃப்.எஸ். என்ற விவரத் தாளைக் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் இப்படிப்பட்ட கடன்களுக்கு அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு எண் இருக்கும். கட்டணங்களையும் சேர்த்த உண்மையான வருட வட்டி அதுதான், இரண்டு இடத்துத் தாளையும் பக்கத்தில் வைத்து அந்த எண்ணைப் பாருங்கள். லோனோடு ஒரு ஆயுள் காப்பீட்டையும் சத்தமில்லாமல் சேர்த்திருக்கிறார்களா என்பதும் அந்தத் தாளில் தெரிந்துவிடும். முன்கூட்டியே முடித்தால் என்ன கட்டணம் என்பதையும் கேட்டு வையுங்கள். முருங்கை விலை ஏறிய வருடம் கடனை அடைத்துவிடத் தோன்றும்.

சரி, இப்போது சீட்டின் மற்ற வரிகள்.

ஹேண்ட்லிங் 12,500-ஐ அடித்துவிடுங்கள். ஆலையிலிருந்து வண்டி ஷோரூம் வந்து சேரும் செலவு எக்ஸ் ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது. எதற்கு இந்தத் தொகை என்று கேட்டால் யார்டு வாடகை, டீசல், பாலிஷ் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "இதுக்கு தனி பில் ஜி.எஸ்.டி.யோடு போட்டுத் தருவீங்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த வரி அதோடு காணாமல் போகும்.

இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பாலிசியில் இரண்டு பகுதி. மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு அரசு நிர்ணயித்த தொகை, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒன்றுதான். சொந்தச் சேதப் பகுதியில்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வெளியே இரண்டு ஏஜென்ட்டுகளிடம் கொட்டேஷன் வாங்குங்கள். ஒப்பிடும்போது ஐ.டி.வி., அதாவது பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு, ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புது வண்டிக்கு விலையில் 95 சதவீதம் என்பது வழக்கம், உங்கள் வண்டிக்கு 8,97,750. ஐ.டி.வி.யைக் குறைத்துவிட்டு "பிரீமியம் கம்மி" என்று சொல்வதில் ஒரு சாமர்த்தியமும் இல்லை. குட்டி யானைக்கு இதுவரை கிளெய்ம் போடாமல் ஓட்டியிருந்தால் உங்களுக்கு நோ கிளெய்ம் போனஸ் இருக்கும். அதை விற்றதும் பழைய இன்சூரன்ஸ் கம்பெனியில் ஒரு கடிதம் வாங்கினால், அந்தச் சலுகை புது வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியத்துக்கு வரும். வருடக்கணக்கைப் பொறுத்து 20-லிருந்து 50 சதவீதம் வரை. பில் மேஜையில் உட்கார்ந்திருந்த காலத்தில் இந்தக் கடிதத்தோடு வந்தவர்கள் மிகச் சொற்பம். நாங்களாக எடுத்துச் சொல்வதும் கிடையாது.

அக்சஸரீஸ் 24,000 என்று ஒரு வரி, சீட் கவரும் மேட்டும் இலவசம் என்று இன்னொரு வரி. இரண்டையும் ஒரே சீட்டில் எழுதிய தைரியத்தை மெச்ச வேண்டும்! 24,000-க்கு என்னென்ன சாமான் என்று பெயர் எழுதித் தரச் சொல்லுங்கள். காய்கறி ஏற்றும் வண்டிக்குத் தார்ப்பாயும் பக்கக் கம்பியும் வேண்டும். அவற்றை உங்கள் ஊர்ப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். வாரண்டி உங்கள் விருப்பம். நாள் முழுக்க ஓடும் வண்டி என்றால் நான் எடுப்பேன், ஆனால் டெலிவரி அன்றே எடுக்க வேண்டிய அவசரம் ஒன்றும் இல்லை. டாக்ஸும் ரிஜிஸ்ட்ரேஷனும் அரசுக்குப் போவது, அதில் பேரம் கிடையாது. ஆனால் ரசீதில் உள்ள தொகைக்கு மேல் வாங்கியிருந்தால் மீதியைக் கேளுங்கள்.

இன்னொரு விஷயம். "ஜி.எஸ்.டி. குறைஞ்சதுல உங்களுக்கு 80,000 லாபம்" என்று சொல்லியிருப்பார்களே? சரக்கு வண்டிகளுக்கான வரி 2025 செப்டம்பர் 22 அன்று 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது உண்மை. 9,45,000 ரூபாய் வண்டி பழைய வரியில் சுமார் 10,25,000 ஆகியிருக்கும். ஆனால் அது அரசு குறைத்தது. ஷோரூம் தரும் தள்ளுபடிக் கணக்கில் அதைச் சேர்க்க விடாதீர்கள். அதேபோல 2024-ல் உங்கள் பங்காளி எடுத்த விலையைச் சொல்லி நீங்களும் வாதாட வேண்டாம்.

இனி மேனேஜரிடம் பேசும் முறை. ஒரே வண்டி, ஒரே மாடல். திண்டுக்கல், மதுரை, கோயம்புத்தூர் என்று வேறு வேறு டீலர்களிடம் கொட்டேஷன் வாங்குங்கள். ஒரே முதலாளியின் இரண்டு கிளையில் கேட்டுப் பயனில்லை, அவர்களுக்குள் போனில் பேசிக்கொள்வார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்வி: "லோன் வேண்டாம், எக்ஸ்சேஞ்ச் வேண்டாம், இன்சூரன்ஸ் இல்லாம, கையில வண்டி வர எவ்வளவு?" ஒரே எண்ணாக வாங்குங்கள். பழைய வண்டிப் பேச்சை அது முடிந்த பிறகுதான் எடுக்க வேண்டும். முதலிலேயே எடுத்தால் புது வண்டி விலையில் இருபதாயிரம் குறைத்து, பழைய வண்டி மதிப்பில் முப்பதாயிரம் குறைப்பார்கள். கம்பெனி தரும் எக்ஸ்சேஞ்ச் போனஸ் எவ்வளவு, உங்கள் குட்டி யானைக்குப் போட்ட மதிப்பு எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்கி, வெளியில் புரோக்கர் சொல்லும் விலையோடு பாருங்கள்.

எப்போது போவது? மாதக் கடைசி வாரம், டார்கெட்டுக்கு ஒன்றிரண்டு வண்டி குறைகிற நேரம். எங்கள் பக்கத்தில் ஆடியிலும் மார்கழியிலும் வண்டி எடுக்கத் தயங்குவார்கள், ஷோரூம் வெறிச்சோடிக் கிடக்கும். ஆயுத பூஜைக்கு முதல் வாரம் போய் நின்றால் உங்களை யாரும் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள். ஆடியில் எடுக்க வீட்டில் சம்மதிக்காவிட்டால் அப்போதே பேசி முடித்து புக் பண்ணி, ஆவணியில் டெலிவரி வரை இதே விலை என்று எழுதி வாங்குங்கள். ஸ்கீம் மாதத்தோடு முடிந்துவிடும் என்பார்கள். அப்படியானால் பில் தேதி எது என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பேசிய தள்ளுபடி இன்வாய்ஸிலேயே குறைந்து வர வேண்டும். "அப்புறம் தர்றேன்" என்பது தள்ளுபடி ஆகாது. பணத்தைக் கம்பெனிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், சேல்ஸ் பையனின் ஜிபே எண்ணுக்கு வேண்டாம். சேஸிஸ் நம்பர் ஒதுக்கி எழுதிக் கொடுக்கும் வரை புக்கிங் தொகைக்கு மேல் கட்டாதீர்கள்.

ஹேண்ட்லிங்கும் தேவையில்லாத அக்சஸரீஸும் போனாலே 36,500. லோனில் 40,800. இதற்குப் பிறகும் அந்தப் பத்தாயிரம் வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள், நான் தடுக்கவில்லை.

கேள்வி: தஞ்சாவூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன், ஜி.எஸ்.டி. ரெகுலர் கணக்கு. சிமென்ட், பைப் டெலிவரிக்குப் பிக்அப். கடை பெயரில் வேண்டாம், மனைவி பெயரில் எடுத்தால் இன்னும் 20,000 குறைக்கலாம் என்கிறார் சேல்ஸ்மேன். எடுக்கலாமா?

பதில்: கடை பெயரிலேயே எடுங்கள். கார் வாங்கினால் ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுக்க முடியாது, ஆனால் சரக்கு வண்டிக்கு அந்தத் தடை இல்லை. மேலே உள்ள வாசகரின் வண்டி விலையையே எடுத்துக்கொண்டால், 9,45,000-க்குள் வரி மட்டும் 1,44,153. இன்வாய்ஸில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அதை இன்புட் கிரெடிட்டாக எடுக்கலாம், அதாவது கடை கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம். 20,000-க்காக ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான தொகையை விடுவீர்களா? கிரெடிட் எடுத்த வரித் தொகைக்குத் தேய்மானம் மட்டும் கோரக் கூடாது, ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். கம்போசிஷனில், அதாவது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறையில், இருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது. பில் 10 லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீதம் டி.சி.எஸ்., அதாவது விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி, பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவாகும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

கேள்வி: பிப்ரவரியில் போனேன். போன டிசம்பர் மாத வண்டி ஒன்று நிற்கிறது, 30,000 குறைத்துத் தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் வருடமும் வரும், விற்கும்போது வாங்குபவர் முதலில் பார்ப்பது அதைத்தான். அடுத்த நாலைந்து வருடத்துக்குள் விற்பீர்கள் என்றால் 30,000 போதாது, இன்னும் கேளுங்கள். உழைத்து உழைத்துத் தேயும் வரை வைத்திருப்பவர் என்றால் லாபம்தான். வாய்வார்த்தையை நம்பாமல் சேஸிஸ் எண்ணைப் பாருங்கள். 17 எழுத்தில் பத்தாவது பெரும்பாலும் வருடத்தைக் குறிக்கும்: ஆர் என்றால் 2024, எஸ் 2025, டி 2026. பேட்டரியையும் டயர் தேதியையும் சோதித்துவிட்டு எடுங்கள்.

கேள்வி: 1.3 டன் கேட்டுப் போனால், 60,000 கூடப் போட்டு 1.7 டன் எடுங்கள் என்று வற்புறுத்துகிறார்கள். நல்ல பேரமா?

பதில்: உங்களுக்கு வழக்கமாக எவ்வளவு லோடு? எழுதவில்லையே. மொத்த எடை, அதாவது வண்டியும் சரக்கும் சேர்த்து, 3,000 கிலோவுக்குள் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. 1.7 டன் வண்டிகள் பொதுவாக அந்த எல்லையைத் தாண்டிவிடும், பெர்மிட் செலவும் அலைச்சலும் வரும். கையேட்டில் அந்த மொத்த எடையைச் சொல்லும் ஜி.வி.டபிள்யூ. என்ற வரியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். லைசென்ஸ் பற்றிப் பயமுறுத்தினால் கவலை வேண்டாம்: 7,500 கிலோ வரை எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.