'ரீப்ளேஸ்' என்றால் என்ன? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பம்ப் தயாரிக்கும் நிறுவனத்தில் பராமரிப்புக் கையேடு எழுதுகிறேன். சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நான் 'ஸ்டார்ட்' என்று எழுதினால் மேலாளர் 'கமென்ஸ்' என்று திருத்துகிறார், 'யூஸ்' 'யூட்டிலைஸ்' ஆகிவிடுகிறது. "பள்ளிக்கூடப் பிள்ளை எழுதின மாதிரி இருக்கு" என்கிறார். எளிமையாக எழுதினால் தரம் குறைந்துவிடுமா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

குறையாது. விமானப் பராமரிப்புக் கையேடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றைப் படித்து வேலை செய்பவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அதனால் ஐரோப்பிய விமானத் துறையினர் சேர்ந்து எளிய ஆங்கிலத்துக்கென்றே விதிகள் வகுத்தார்கள். 1986-ல் முதல் வழிகாட்டி வந்தது. இன்று அதன் பெயர் ஏஎஸ்டி-எஸ்டிஇ100. செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது. 'ஸ்டார்ட்' உண்டு, 'கமென்ஸ்' கிடையாது. 'க்ளோஸ்' என்றால் மூடுவது மட்டும்தான், பக்கத்தில் என்று சொல்ல 'நியர்'. விமானத்துக்கே இது போதும் என்றால் பம்புக்குப் போதாதா?

ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்பதன் அருமை எனக்குப் பட்டுத்தான் புரிந்தது. நான் எழுதிய ஒரு கையேட்டில் கடைசிப் படி, 'ரீப்ளேஸ் தி கவர்'. கழற்றிய மூடியைத் திரும்ப மாட்டச் சொல்வதாக என் நினைப்பு. மெக்கானிக் அண்ணன் நல்ல மூடியை ஓரமாக வைத்துவிட்டுப் புது மூடி கேட்டு ஸ்டோரில் நின்றார். அரை நாள் மெஷின் திறந்தே கிடந்தது. அவர் படித்ததில் தப்பே இல்லை. அந்த விதிகளிலும் 'ரீப்ளேஸ்' என்றால் பழையதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவதுதான். திரும்ப மாட்டுவதற்கு 'இன்ஸ்டால்'.

அப்புறம், வரிசை. 'ஓப்பன் தி கவர் ஆஃப்டர் யூ ஸ்விட்ச் ஆஃப் தி பவர்' என்று எழுதினால் முதல் மூன்று சொல்லிலேயே கை மூடிக்குப் போய்விடும். கரண்ட்டை நிறுத்துவதை முதல் வாக்கியமாகவும் மூடியைத் திறப்பதை அடுத்ததாகவும் பிரித்து எழுதுங்கள். தமிழில் இந்தத் தப்பு அவ்வளவு எளிதில் வராது. 'கரண்ட்டை நிறுத்திவிட்டு மூடியைத் திற' என்றுதானே சொல்வோம்? எனவே தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுவதற்காக வெட்கப்படாதீர்கள், இந்த வேலையில் அது உங்களுக்குப் பலம்.

மேலாளரிடம் வாதாட வேண்டாம். அவர் திருத்திய பக்கத்தையும் உங்கள் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு மெக்கானிக்குகள் வேலை செய்யும் பட்டறைக்குப் போங்கள். இரண்டு மெக்கானிக்குகளிடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்து, எதுவும் விளக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். எந்த வரியில் கை நிற்கிறது, எதை இரண்டாம் முறை படிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மேலாளரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.