பானியின் கணக்கு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். உங்கள் தளத்தில் வரும் இலக்கியக் கேள்விகளுக்கு நடுவே இப்படி ஒரு கடிதம் சிறுபிள்ளைத்தனமாகத் தெரிந்தால் மன்னிக்கவும். நானும் என் தோழியும் ‘தி வாம்பயர் டைரீஸ்’ தொடரை முதலிலிருந்து மறுபடி பார்த்தோம். ஆறாவது சீசன் முடிவில் எங்களுக்குள் பெரிய சண்டை வந்துவிட்டது. நாயகி எலெனா உறக்கத்தில் ஆழ்கிறாள். அவளுடைய மந்திரக்காரத் தோழி பானி உயிரோடு இருக்கும்வரை எலெனா கண் விழிக்க முடியாது என்று ஒரு சாபம். என் தோழி எலெனாவுக்காகவும் அவள் காதலனான ரத்தக்காட்டேரி டேமனுக்காகவும் அழுதாள். எனக்கோ பானியை நினைத்து ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. “இல்லாத ஒருத்திக்காக இவ்வளவு கோபமா?” என்றாள். பேச்சு வளர்ந்து, டேமன் நல்லவனா கெட்டவனா என்பதில் போய் முட்டி, இரண்டு வாரமாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

நல்ல திருப்பத்துக்கும் ஏமாற்று வேலைக்கும் என்ன வித்தியாசம்? ரசிகர்கள் கோபப்படுவதில் அர்த்தம் உண்டா? முதல் முறை பார்த்தபோதும் இதே இடத்தில்தான் நிறுத்தினேன். மீதி இரண்டு சீசன்களைப் பார்க்கலாமா?

க.

அன்புள்ள க.,

மன்னிப்பெல்லாம் எதற்கு? 171 அத்தியாயங்களையும் பார்த்து முடித்தவன் நான். 2009 செப்டம்பரில் தொடங்கி 2017 மார்ச்சில் முடிந்த அந்தத் தொடரை, பள்ளிப் பிள்ளைகளுக்கான ரத்தக்காட்டேரிக் காதல் கதை என்று வெகுகாலம் ஒதுக்கி வைத்திருந்தேன். காய்ச்சலில் படுத்திருந்த ஒரு வாரத்தில், அதுபாட்டுக்கு ஓடட்டும் என்று போட்டேன். காய்ச்சல் மூன்று நாளில் விட்டது. தொடர் விடவில்லை.

உங்கள் முதல் கேள்விக்கு முதல் சீசனின் கடைசி அத்தியாயத்தையே எடுத்துக்கொள்கிறேன். நிறுவனர் நாள் கொண்டாட்டம் முடிந்த இரவு. வீட்டு வாசலில் டேமனும் எலெனாவும் நிற்கிறார்கள். டேமன் என்றுமில்லாதபடி மனம் திறந்து பேசுகிறான், முத்தமிடுகிறான், அவளும் விலகவில்லை. கதவைத் திறக்கும் சித்தி ஜென்னா, நேரமாகிவிட்டது, உள்ளே வா என்கிறாள். அவள் உள்ளே போகிறாள். சமையலறையில் எலெனாவைப் பெற்றவனான ஜான் கில்பர்ட் அவளிடம் ஒரு தகப்பனின் தயக்கத்தோடு பேசிக்கொண்டிருக்கிறான். பேச்சின் நடுவிலேயே கத்தி பாய்கிறது. மோதிரம் அணிந்த விரல் துண்டாகிறது. வந்திருப்பவள் எலெனா அல்ல, அதே முகம் கொண்ட, டேமனின் பழைய காதலியான ரத்தக்காட்டேரி கேத்தரின் என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கிறது.

இரண்டாம் முறை பார்க்கும்போது ஜென்னாவின் அந்த ஒற்றை வசனம் சுருக்கென்று தைக்கும். உள்ளே இருப்பவர் அழைக்காமல் ரத்தக்காட்டேரி ஒரு வீட்டுக்குள் கால் வைக்க முடியாது என்பது தொடக்கத்திலிருந்தே வரும் விதி. எந்தச் சித்தியும் சொல்லக்கூடிய சாதாரண வார்த்தையில் அந்த அழைப்பை ஒளித்து வைத்துவிட்டார்கள். கூந்தலையும் பாருங்கள். எலெனாவுக்கு நேரான கூந்தல், கேத்தரினுக்குச் சுருள் கூந்தல் என்பதுதான் நமக்குப் பழக்கமான அடையாளம். அன்றோ ஊர்வலத்தில் 1864ஆம் ஆண்டுப் பாணி உடை அணிவதற்காக எலெனா தன் கூந்தலையும் சுருட்டியிருந்தாள். பட்டப்பகலில் நமக்கு முன்னாலேயே நடந்த அலங்காரம் அது. இரவில் நமக்குச் சந்தேகமே வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதை நான் நேர்மையான திருப்பம் என்பேன். துப்புகள் எல்லாம் முன்கூட்டியே மேசைமேல் இருந்தன. இன்னொன்றும் உண்டு: அந்தத் திருப்பத்துக்கான விலையை அதற்குரியவர்களே கொடுக்கிறார்கள். எலெனா தன்னை ஏற்றுக்கொண்டாள் என்று அந்த இரவில் நம்பியவன் டேமன். அடுத்த சீசனின் தொடக்கத்தில் அந்த நம்பிக்கை உடையும்போது அடிபடுகிறவனும் அவன்தான். ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் பெண்ணைப் பற்றிய ‘பஃபி’ தொடரில் அவள் காதலன் ஏஞ்சல் ஆன்மாவை இழப்பதும் இந்த வகைதான். பஃபியின் பதினேழாவது பிறந்தநாள் இரவுக்குப் பிறகு, அதுவரை அன்பாக இருந்தவன் காலையில் வேறு ஆளாக நிற்கிறான். 1998இல் அந்த அத்தியாயத்தைப் பார்த்த எத்தனையோ பெண்களுக்கு அதைப் புரிந்துகொள்ள மாயமந்திரம் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

ஏமாற்று வேலைக்கும் உதாரணம் உங்கள் தொடரிலேயே இருக்கிறது. நான்காவது சீசனில் எலெனா ரத்தக்காட்டேரியாகிறாள், டேமனை நோக்கிச் சாய்கிறாள். மூன்று சீசன்களாக மெல்ல மெல்ல வளர்ந்த விஷயம். சேர்ந்த கையோடு ஒரு குண்டு போடுகிறார்கள்: டேமனின் ரத்தத்தால் உருமாறியவள் என்பதால் அவன் சொல்லுக்குக் கட்டுப்படும் ‘சயர் பாண்ட்’ அவளைப் பிடித்திருக்கிறதாம். டேமன் பக்க ரசிகர்கள் கொதித்தார்கள், நியாயம்தான். டேமனின் தம்பியும் எலெனாவின் முந்தைய காதலனுமான ஸ்டெஃபன் பக்கம் இருந்தவர்களும் அதே அளவு கொதித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனென்றால் அங்கே பறிபோனது ஒரு ஜோடியின் காதல் மட்டுமல்ல. தன் வாழ்க்கையில் அவள் செய்த மிகப் பெரிய முடிவு அவளுடையதுதானா என்பதே சந்தேகமாகிவிட்டது. இந்தத் திருப்பத்தைத் தெரிந்துகொண்டு பழைய அத்தியாயங்களுக்குத் திரும்பினால் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. அழகாக இருந்த சில காட்சிகள் கசந்துபோவதுதான் மிச்சம்.

இனி பானி. உங்கள் ஆத்திரம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு பேப்பரில் எழுதிப் பார்த்தேன். வேடிக்கைக்குத்தான் தொடங்கினேன், எழுத எழுத வேடிக்கை போய்விட்டது. முதல் சீசனில் கேத்தரினை மீட்பதற்காக, அவள் அடைபட்டிருப்பதாகத் தான் நம்பும் கல்லறையைத் திறக்க வேண்டும் என்கிறான் டேமன். பானியும் பாட்டியும் மந்திரம் சொல்லித் திறக்கிறார்கள். உள்ளே கேத்தரின் இல்லை. டேமன் 145 ஆண்டுகள் காத்திருந்தது வீண் என்று நாமெல்லாம் உச்சுக் கொட்டினோம். அந்த மந்திரத்தின் பாரம் தாங்காமல் பாட்டி வீடு திரும்பியதும் இறந்துபோகிறாள். திருப்பம் டேமனுடையது, பிணம் பானியின் வீட்டில்.

அதன் பிறகு கதை இதே தடத்தில்தான் ஓடுகிறது. மூன்றாவது சீசனில், பல காலம் பிரிந்திருந்து அப்போதுதான் கிடைத்த பானியின் அம்மாவை, மற்றவர்களைக் காப்பாற்றும் திட்டத்துக்காக டேமன் ரத்தக்காட்டேரியாக்குகிறான். நான்காவது சீசன் முடிவில், எலெனாவின் தம்பி ஜெரமியை உயிர்ப்பிக்கப் போய் பானியே இறக்கிறாள். அவள் இறந்ததுகூட நண்பர்களுக்குத் தெரியாது. ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறாள் என்று கோடை முழுவதும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐந்தாவது சீசனின் முதல் அத்தியாயத்தில் ஊர்க் கூட்டத்தின் முன்னால் அவள் அப்பா கொல்லப்படுகிறார். ஆவியாக நிற்கும் மகள் அலறுகிறாள், ஒருவர் காதிலும் விழவில்லை. அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கதாசிரியர்கள் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, அந்தத் தொடரில் பானியின் நிலைமைக்கு அதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. பிறகு இறந்த மாய உயிர்கள் போய்ச் சேரும் மறுவுலகின் நங்கூரமாக மாறி, சாகும் ஒவ்வொரு மாய உயிரின் வலியையும் தன் உடலில் வாங்குகிறாள். பிறகு 1994ஆம் ஆண்டின் ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் சிறையுலகில், காயத்தோடு கிடந்தபடி டேமனை வீட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டு, தான் அங்கேயே தங்கிவிடுகிறாள்.

இத்தனைக்கும் பிறகு வருகிறது நீங்கள் சண்டை போட்ட அந்தச் சாபம். இதுவரை கதை மறைமுகமாகச் செய்துவந்ததைச் சாபம் பச்சையாகச் சொல்லிவிட்டது: இவள் இருந்தால் அவள் இல்லை. நடிகை நீனா டோப்ரெவ் ஆறாவது சீசனோடு விலகுகிறார், எலெனாவை எங்கேயாவது பத்திரமாக வைத்தாக வேண்டும் என்கிற நெருக்கடி எனக்குப் புரிகிறது. வேறு நூறு வழிகள் இருந்தன. பூட்டுக்குச் சாவியாக மறுபடி பானியின் உயிரையே செய்தார்கள். ஆறு வருடமாக உங்கள் மனம் ஒரு கணக்கு எழுதிவந்திருக்கிறது. அந்த இரவில் கூட்டிப் பார்த்திருக்கிறீர்கள். யார் ஆசைப்பட்டார்கள், யார் செலவு செய்தார்கள் என்கிற கணக்கு. எழுதுகிறவர்கள் மறந்தாலும் பார்க்கிறவர்கள் அதை மறப்பதில்லை. உங்கள் கோபத்தில் நான் மதிப்பது அதைத்தான்.

இந்தக் கணக்கு கதைக்கு வெளியேயும் நீளும். 2002இல் ‘பஃபி’யில் வில்லோவின் காதலி டாரா இறந்த விதம் நினைவிருக்கலாம். வில்லோவும் அவளும் பிரிந்து, மறுபடி சேர்ந்த உடனே, பஃபியைக் குறிவைத்த துப்பாக்கியிலிருந்து தவறிய ஒரு குண்டு ஜன்னல் வழியாக வந்து அவளை வீழ்த்துகிறது. 2016 மார்ச்சில் ‘தி 100’ தொடரில் லெக்ஸா. அது அறிவியல் புனைவு, மாயக் கதை அல்ல. ஆனாலும் அச்சு மாறவில்லை. இரு பெண்கள் சேர்கிறார்கள், வேறொருத்திக்கு வைத்த குண்டு தவறிப் பாய்கிறது, ஒருத்தி சாகிறாள். பதினான்கு வருட இடைவெளியில் அதே தவறிய குண்டு! ரசிகர்கள் கொந்தளித்ததைப் பலர் கேலி செய்தார்கள். அந்த ரசிகர்களோ, தற்கொலை எண்ணத்தோடு போராடும் பால்புதுமை இளைஞர்களுக்கு உதவும் ‘ட்ரெவர் ப்ராஜெக்ட்’ அமைப்புக்காக நிதி திரட்டினார்கள். இல்லாத ஒருத்திக்காக வந்த கோபம்தான் அதுவும். உங்கள் தோழியிடம் இதைச் சொல்லுங்கள். சமாதானமான பிறகு சொல்லுங்கள்.

எல்லா மரணத்துக்கும் எழுதுகிறவர்களைத் திட்ட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘டீன் வுல்ஃப்’ தொடரின் மூன்றாவது சீசனில் ஆலிசன் இறந்தது, அந்த நடிகையே தொடரிலிருந்து விலக விரும்பியதால். இந்த வகைத் தொடர்களில் விதி என்று நாம் நினைப்பதில் பாதி ஒப்பந்தக் காகிதம்.

நானும் இதில் குற்றவாளிதான். பல வருடங்களுக்கு முன் ஒரு வார இதழில் தொடர்கதை எழுதினேன். பதினோராவது வாரம் கதை தேங்கிவிட்டது. நாயகனின் அக்காவை விபத்தில் கொன்றேன். கதை குதிரைபோல் ஓடியது, எனக்கு ஏகப்பட்ட பெருமை. ஒரு வாசகி அஞ்சலட்டை போட்டிருந்தார். அந்த அக்கா ஐந்தாவது வாரத்தில் தட்டச்சு வகுப்பில் சேர்ந்தாளே, அது என்ன ஆயிற்று என்று ஒரே ஒரு வரி. தட்டச்சு வகுப்பை நான் மறந்தே போயிருந்தேன். அவர் மறக்கவில்லை. இன்றுவரை அந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை.

சரி, டேமனுக்கு வருகிறேன். இங்கே நான் முழுக்க உங்கள் கட்சி இல்லை. இரண்டாவது சீசனின் முதல் அத்தியாயத்தில் எலெனா மறுத்துவிட்ட ஆத்திரத்தில் ஜெரமியின் கழுத்தை முறிக்கிறான். அணிந்தவரைச் சாவிலிருந்து மீட்கும் கில்பர்ட் குடும்ப மோதிரம் விரலில் இருந்ததால் பையன் பிழைத்தான். மோதிரத்தைப் பார்த்துவிட்டுத்தான் செய்தேன் என்று முதலில் சொல்பவன், பிறகு பார்க்கவில்லை என்று எலெனாவிடமே ஒப்புக்கொள்கிறான். பொய்யைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவளைத் திரும்பப் பெற்றிருக்கலாம். உங்கள் தோழி பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒப்புதலை. நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கழுத்தை. இரண்டும் ஒரே ஆளிடம்தான் இருக்கின்றன. எனக்கு அவனைப் பிடிக்கும். ஆனால் முதல் சீசனில் அவன் எலெனாவின் தோழி கரோலைனை வசியப்படுத்தி வைத்திருந்ததற்கு மன்னிப்பு வழங்கும் உரிமை அவளிடம் மட்டுமே இருக்கிறது. எலெனாவிடமோ ரசிகர்களிடமோ இல்லை. ‘அவன் மாறிவிட்டான்’ என்று ரசிகர்கள் உருகும்போதெல்லாம் கரோலைனின் முகத்தைத்தான் பார்ப்பேன். அவள் தானாகவே வேறொரு உயரத்துக்குப் போய்விட்டாள். மருத்துவமனையில் தலையணையால் அழுத்திக் கொல்லப்பட்டு எழுந்த அந்த வாயாடிப் பெண், தொடரிலேயே மிகக் கட்டுப்பாடான ரத்தக்காட்டேரி ஆனாளே, அந்தத் திருப்பத்துக்கு எத்தனை மதிப்பெண் வேண்டுமானாலும் போடுவேன்.

ரசிகர்கள் சொல்வதைக் கேட்டுக் கதையை மாற்றலாமா என்றால், யார் யாரோடு சேர வேண்டும் என்பதில் கேட்கவே கூடாது. அதில் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் இழுப்பார்கள், கதை கந்தலாகும். கணக்கில் விட்டுப்போனதைச் சொல்லும்போது மட்டும் காது கொடுக்கலாம். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ முதல் சீசனில் காணாமல்போன பார்ப் என்ற பெண்ணைக் கதையில் ஒருவரும் சரியாகத் தேடவில்லை. பார்த்தவர்கள்தான் அவளுக்கு நீதி கேட்டுக் கூச்சலிட்டார்கள். 2017இல் வந்த இரண்டாவது சீசனில் அவளுக்கு ஓர் இறுதிச்சடங்காவது நடந்தது.

கடைசிக் கேள்வி. பாருங்கள், ஆனால் பொறுமையோடு. ஏழாவது சீசன் பல இடங்களில் இழுவை. வேதாளம் திரும்பத் திரும்ப முருங்கை மரம் ஏறும். பானியின் செலவுக் கணக்கு அங்கேயும் நிற்காது, அதற்குத் தயாராக இருங்கள். கடைசி அத்தியாயத்தில் ஊரை நோக்கி நரக நெருப்பு பாய்ந்து வரும்போது பானி அதற்கு எதிராகக் கைகளை நீட்டி நிற்பாள். அந்த நேரத்தில் அவளுக்குத் துணையாக ஒருவர் வருவார். யார் என்று நான் சொல்லமாட்டேன். தோழியையும் அழைத்து உட்காரவைத்துப் பாருங்கள். முதலில் அழுதது யார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.